பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ் வகுப்பு: திரையிலா, அறையிலா? தென்னாப்பிரிக்கப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேசியா பக்கங்களில் மாலையிலும் சனிக்கிழமையிலும் தமிழ் வகுப்பு நடத்துவோருக்கும், பிள்ளைகளை அங்கே அனுப்பும் பெற்றோருக்கும் எழுதியது. கேள்விகள் கொரோனா காலத்தில் எழுந்தவை. பள்ளிக் கதவு மூடும் எந்தக் காலத்திலும் இவை திரும்ப வரும்.

பள்ளிகள் எவ்வளவு காலம் மூடிக் கிடந்தன? தமிழ் வகுப்பு மட்டும் ஏன் கூடுதலாக அடிபட்டது?

2020 மார்ச் 18 அன்று நாடு முழுக்கப் பள்ளிகள் மூடின. ஜூன் 8 அன்று 7ஆம், 12ஆம் கிரேடுகள் மட்டும் திரும்பின. ஜூலை 27 முதல் மறுபடி மூடல். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஆகஸ்ட் 24 வரை நீடித்தது. 2021ஆம் ஆண்டுப் படிப்பு பிப்ரவரி 15 அன்றுதான் தொடங்கியது. பல பள்ளிகளில் பிள்ளைகள் முறை வைத்து வந்தார்கள். அந்தச் சுழற்சி முறை 2022 பிப்ரவரியில்தான் முடிந்தது.

குவாசூலு-நேட்டால் அரசுப் பள்ளிகளில் தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது ஆகியவை 2014 முதல் விருப்பப் பாடங்கள். பாடவேளையைக் குறைக்க வேண்டி வந்தால் கணிதத்திலோ ஆங்கிலத்திலோ யாரும் கை வைப்பதில்லை. விருப்பப் பாடம்தான் முதலில் போகும். மற்ற வகுப்புகளில் பெரும்பாலானவை கோயில் மண்டபத்திலும் சமூகக் கூடத்திலும் நடப்பவை. அவையும் பூட்டப்பட்டன. இதைவிடப் பெரிய காரணம் வீட்டில் இருக்கிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள். கணிதம் நின்றால் கடையிலும் சமையலறையிலும் கொஞ்சம் எண்ணிக்கை தொடரும். தமிழ் வகுப்பு நின்றால் காதில் விழும் தமிழே நின்றுவிடும். ஆகவே நம் வகுப்புக்கு இடைவெளி ஆகாது. எந்த வழியிலாவது வாரம் தவறாமல் நடக்க வேண்டும்.

சரி, எது நல்லது? இணையமா, வகுப்பறையா?

மொத்தமாக ஒரே பதில் இல்லை. பெருந்தொற்றுக் காலத்து வகுப்பறை என்பது பழைய வகுப்பறை அல்ல: வாயில் முகக்கவசம், ஒன்றரை மீட்டர் இடைவெளி, சேர்ந்து பாடக்கூடாது. அந்த அறையோடுதான் திரையை ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால், உச்சரிப்பும் கேட்டுப் புரிதலும் குரல் பதிவில் நன்றாக நடக்கும். முகக்கவசம் போட்ட அறையில் கெடும். கையெழுத்து நேர் எதிர். அதைத் திரை வழியே கற்றுத்தருவது கடினம், அறை வேண்டும். உரையாடல் இரண்டிலும் நடக்கும், ஆனால் 6 பேருக்கு மேல் போனால் இரண்டிலும் நடக்காது. பாடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அதற்கேற்ற இடத்தில் வைப்பதே எங்கள் பரிந்துரை. மொத்த வகுப்பையும் அப்படியே ஜூமுக்குத் தூக்கி வைத்த இடங்களில்தான் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கழன்றுபோவார்கள்.

டேட்டா எவ்வளவு ஆகும்?

பலர் வகுப்பை விட்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் சொல்ல வெட்கப்பட்டு, 'நேரமில்லை' என்று சொல்லிவிடுவார்கள்.

குழு வீடியோ அழைப்பு ஒரு மணி நேரத்துக்குத் தரத்தைப் பொறுத்து ஏறத்தாழ அரை ஜிபி முதல் ஒன்றரை ஜிபி வரை தின்னும். வாரம் ஒரு மணி என்றால் மாதம் குறைந்தது 2 ஜிபி. வீட்டில் இரண்டு பிள்ளைகள் வேறு வேறு வகுப்பில் இருந்தால் 4 ஜிபி. வாட்சப் குரல் பதிவோ நிமிடத்துக்குச் சுமார் 120 முதல் 150 கேபிதான். வாரம் இரண்டு நிமிடப் பதிவுகள் பத்து அனுப்பினாலும் 3 எம்பிக்குள் முடிந்துவிடும். ஒரு மணி நேர வீடியோவின் செலவில் ஓர் ஆண்டுக்கும் மேலான குரல் பதிவுகளைக் கேட்கலாம்.

2020இல் உள்நாட்டுக் கல்வித் தளங்களுக்கு டேட்டாக் கட்டணம் இல்லை என்று அரசு ஆணையிட்டது உண்மை. அந்தத் தளத்துக்குள் யூடியூப் காணொளி பதிந்திருந்தால் அதற்கு அப்போதும் சலுகை கிடைக்கவில்லை. ஜூமும் வாட்சப்பும் கல்வித் தளங்கள் அல்ல. 'இலவசம்தானே' என்று நம்பி மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துபோன குடும்பங்கள் இங்கேதான் தடுக்கி விழுந்தன.

நேரலை நடத்தினால் ஆசிரியர் மட்டும் கேமராவைத் திறந்து வைக்கட்டும். பிள்ளைகள் பேசும்போது மட்டும் திறந்தால் போதும். பாடப் பக்கத்தைத் திரையில் பகிர வேண்டாம். முந்தின நாளே படமாக அனுப்பிவிடுங்கள். பிறகு வெறும் குரல் அழைப்பிலேயே பாதி வகுப்பை நடத்தலாம். டேட்டாவே இல்லாத வீட்டுக்கு லோட்டஸ் எஃப்எம் வானொலியில் தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்தை எழுதிக் கொடுங்கள். கேட்டதில் தெரிந்த சொற்கள் ஐந்தைக் குறித்துவரச் சொன்னால் அதுவே நல்ல வீட்டுப்பாடம்.

நேரலை வகுப்பு எவ்வளவு நேரம்?

ஜூம் இலவசக் கணக்கில் குழு அழைப்பு 40 நிமிடத்தில் துண்டிக்கும். அதைக் குறையாக எண்ண வேண்டாம், சரியான அளவுதான். 5 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு அதிலும் பாதி, 20 நிமிடம் போதும். பெரிய பிள்ளைகளுக்கு 5 நிமிடம் வரவேற்பும் நலம் விசாரிப்பும் தமிழில், 10 நிமிடம் கேட்டல், 15 நிமிடம் ஒவ்வொருவராகப் பேசுதல், மீதி அடுத்த வாரத்துக்கான வேலையை விளக்குதல். ஆசிரியர் தொடர்ந்து 3 நிமிடத்துக்கு மேல் பேசினால் பிள்ளையின் கண் வேறு ஜன்னலுக்குப் போய்விடும்.

எழுத்து எழுதக் கற்றுத்தருவது ஏன் திரையில் சரிப்படவில்லை?

மூன்று காரணங்கள், மூன்றும் தனித்தனி.

முதலாவது, படமாக வரும் வீட்டுப்பாடத்தில் முடிந்த எழுத்து மட்டுமே தெரிகிறது, கை போன வழி தெரிவதில்லை. 'இ' எழுத்தைக் கீழிருந்து மேலாக வரைந்த பிள்ளையும் முறையாகச் சுழித்த பிள்ளையும் அனுப்பும் படங்கள் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு ஆறு மாதம் கழித்து, வேகமாக எழுத வேண்டி வரும்போது வெளிப்படும். அப்போது திருத்துவது கடினம். அதனால் வாரம் ஒரு படத்துக்குப் பதில் கை நகர்வதைக் காட்டும் 15 விநாடிக் காணொளி ஒன்றைக் கேளுங்கள். சுமார் 2 எம்பிதான் ஆகும். ஃபோனை நாலைந்து புத்தகங்களின் மேல் நீட்டி வைத்து, விழாமலிருக்க மேலே இன்னொரு புத்தகத்தை வைத்து, பின்பக்கக் கேமரா தாளைப் பார்க்கும்படி எடுக்க வேண்டும்.

முன்பக்கக் கேமரா வேண்டாம் என்பதற்கும் காரணம் உண்டு, இதுதான் இரண்டாவது. முன்கேமராவில் பிள்ளைக்குத் தன் படம் கண்ணாடியில் போல இடவலம் மாறித் தெரியும். ஆசிரியருக்குச் சரியாகத்தான் தெரிகிறது. சிலேட்டைத் தூக்கிக் காட்டும் சின்னப் பிள்ளை, தன் 'க' திரும்பியிருக்கிறது என்று எண்ணி அழித்துவிட்டு இடவலம் மாற்றி எழுதும். ஜூம் அமைப்புகளில் கண்ணாடிக் காட்சியை நிறுத்தி வைக்கலாம்.

மூன்றாவது தட்டச்சு. விசைப்பலகையில் 'கொ' வேண்டுமென்றால் முதலில் 'க', பிறகு 'ஒ' ஒலிக்கான குறி. கையால் எழுதும்போதோ கொம்பு முதலில், பிறகு 'க', பிறகு கால். தட்டச்சு வழியே எழுத்தைச் சந்தித்த பிள்ளை தாளிலும் 'க' போட்டுவிட்டு, இடம் போதாமல் பின்னே கொம்பைச் செருகும். கெ, கே, கை, கொ, கோ, கௌ எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் வரும். கொம்புள்ள எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகும்வரை விசைப்பலகையைக் கண்ணில் காட்டாதீர்கள்.

வீட்டிலேயே தொடங்கியாக வேண்டும் என்றால் 247 எழுத்து அட்டவணையை அனுப்பிப் பயமுறுத்த வேண்டாம். நேர்கோட்டு வடிவங்களான ட, ப, ம, ய நான்கோடு தொடங்குங்கள். முதல் வாரமே 'படம்', 'மடம்', 'பட்டம்' எழுதிவிடலாம். சுழி எழுத்துகளான அ, இ, ண, ழ போன்றவற்றை அறைக்குத் திரும்பும் நாளுக்கு வைத்திருங்கள்.

அறையில் கையைப் பிடித்து எழுதச் சொல்லித்தர முடியாதே, இடைவெளி விட வேண்டுமே?

முடியாதுதான். அதற்கு மாற்று வெளியே இருக்கிறது. முற்றத்தில் கோலம் போடுவதுபோல் சுண்ணக்கட்டியால் ஒரு மீட்டர் உயரத்துக்கு எழுத்தை வரையுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி. பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராக அந்தக் கோட்டின் மேல் நடக்க வேண்டும். நடந்த வழியை உடனே காற்றில் விரலால் எழுத வேண்டும். அதன் பிறகு தாளில். ஓர் எழுத்துக்கு 5 நிமிடம். காற்றோட்டத்துக்கும் குறையில்லை, கை போகும் வழி உடம்பிலேயே பதிகிறது. தொற்று இல்லாத காலத்திலும் இதை விட வேண்டாம் என்றே சொல்வோம்.

ல, ள, ழ உச்சரிப்பை இணையத்தில் திருத்த முடியுமா?

முடியும். முகக்கவச வகுப்பைவிட நன்றாகவே முடியும். முகக்கவசம் வாயை மறைப்பதோடு ஒலியின் மேல் அதிர்வெண்களையும் மழுக்குகிறது. நெருங்கிய ஒலிகளைப் பிரித்தறியக் காதுக்கு வேண்டியவை அவை. கண்ணாடிபோன்ற ஒளிபுகும் முகக்கவசம் வாயைக் காட்டினாலும் ஒலியைத் துணியைவிட அதிகமாகவே அடக்கும்.

இணையத்திலும் நேரலை அழைப்பை நம்ப வேண்டாம். இணைப்பு மெலிந்தால் ஒலித்தரம்தான் இறங்கும். குரல் பதிவு அப்படியல்ல. பதிந்தது பதிந்தபடி போய்ச் சேரும், பத்துத் தடவை திருப்பிக் கேட்கலாம். வாயைக் காட்டும் வீடியோ ல, த, ந ஆகியவற்றுக்கு உதவும். நாக்கு நுனி பல்லருகே வருவது தெரியும். ள, ழ இரண்டுக்கும் நாக்கு உள்ளே மடிவதால் கேமராவில் ஒன்றும் தெரியாது.

செய்முறை இது. வலி, வளி, வழி. தலை, தளை, தழை. கலை, களை, கழை. இவற்றில் ஒரு வரிசையை எடுத்து 1, 2, 3 என்று எண் கொடுங்கள். சொற்களைக் கலைத்துப் பத்து முறை, ஒவ்வொன்றுக்கும் இடையில் 2 விநாடி விட்டுப் பதிவு செய்யுங்கள். பிள்ளை கேட்டுவிட்டு எண்களை மட்டும் திருப்பி அனுப்பட்டும். பத்தில் எட்டு சரியாக வரும்வரை சொல்லச் சொல்லாதீர்கள். காது பிரிக்காததை நாக்கு பிரிக்காது. இந்த வரிசையை மாற்றி முதலிலேயே சொல்லச் சொல்வதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு.

சொல்லும் கட்டம் வந்ததும் இங்குள்ள பிள்ளைகளுக்கு இரண்டு குறுக்குவழிகள் உண்டு. ஆங்கிலத்தில் சிவப்பு நிறத்தைச் சொல்லும்போது வரும் முதல் ஒலியில் நாக்கு எங்கும் தொடுவதில்லை. அங்கிருந்து நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னே மடக்கினால் 'ழ' வந்துவிடும். அதே ஆங்கில ஒலியை 'மரம்' என்பதிலும் போடுவதால்தான் அது 'மழம்'போலக் கேட்கிறது. 'ர'வுக்கு ஆஃப்ரிகான்ஸ் வகுப்பை நினைவூட்டுங்கள். அங்கே சிவப்பைச் சொல்லும்போது நாக்கு நுனி மேலண்ணத்தில் அடித்து அதிரும். அந்த அதிர்வில் ஒரே ஒரு அடிதான் தமிழ் 'ர'. பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலி அது, புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

திருக்குறளும் தேவாரமும் சேர்ந்து சொன்னால் ஏன் குழப்பமாகிறது?

ஒருவர் குரல் இணையம் வழியே மற்றவரை அடையும் முன் ஒரு கணத் தாமதம் உண்டு. பேச்சில் அது தெரியாது, தாளத்தில் தெரியும். எல்லோரும் ஒலிவாங்கியைத் திறந்தால் பத்துக் குரலும் பத்து இடத்தில் நிற்கும். ஆசிரியர் மட்டும் பாட, மற்றவர்கள் ஒலியை நிறுத்திவிட்டு வீட்டில் உரக்கச் சேர்ந்து பாட வேண்டும். பிள்ளையின் காதில் இரண்டும் பொருந்தியே கேட்கும். பிறகு ஒருவர் மட்டும் திறந்து தனியாகச் சொல்லட்டும்.

சுருதிப்பெட்டியை வைத்தால் ஒலி விட்டுவிட்டு வருகிறதா? ஜூமின் இரைச்சல் நீக்கும் வசதி, நீளும் சுருதியை விசிறிச் சத்தம் என்று எண்ணி வெட்டுகிறது. ஒலி அமைப்பில் 'ஒரிஜினல் சவுண்ட்' எனும் மூல ஒலியைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். நேரில் கூடும்போது சேர்ந்து பாடுவதைத் திறந்த வெளியில் மட்டும் வையுங்கள். பாடும்போது பேச்சைவிட அதிக நுண்துளிகள் வெளியேறும்.

லோட்ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால்?

அட்டவணையை முந்தின நாள் பார்த்து வகுப்பு நேரத்தை மாற்றலாம். ஆனால் ஃபீனிக்ஸ், சாட்ஸ்வர்த், டோங்காட் என்று பிள்ளைகள் சிதறியிருந்தால் எல்லோருக்கும் மின்சாரம் இருக்கும் நேரம் கிடைப்பது அரிது. குரல் பதிவை நாங்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம்: மின்சாரம் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம்.

ஃபைபர் இணைப்புள்ள வீட்டில் ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் வாங்குவோர் ஒன்றைக் கவனியுங்கள். பெட்டியில் 8800 எம்ஏஎச் என்று போட்டிருப்பது 3.7 வோல்ட் கணக்கு; அதாவது 32 வாட்-மணி அளவு. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும். 10 வாட் இழுக்கும் ரவுட்டர் மட்டும் என்றால் இரண்டரை மணிக்கு மேல் ஓடும். சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியையும் சேர்த்து 20 வாட் ஆனால் ஒன்றரை மணிகூட வராது. ரவுட்டருக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துவிட்டு ஃபைபர் பெட்டியை மறந்தால் வைஃபை காட்டும், இணையம் வராது. செல்பேசிக் கோபுரத்தையும் முழுதாக நம்ப முடியாது. அடிக்கடி மின்வெட்டு வந்தால் அதன் பேட்டரி திரும்ப நிரம்ப நேரம் கிடைக்காது.

2022 ஏப்ரலில் குவாசூலு-நேட்டாலில் வெள்ளம் வந்தபோது மின்சாரம், தண்ணீர், சாலை மூன்றும் பல இடங்களில் போயின. அப்படிப்பட்ட நாளுக்கு இணையமும் உதவாது. நான்கு வாரத்துக்கான தாள் கட்டு ஒவ்வொரு வீட்டிலும் முன்கூட்டியே இருக்கட்டும்: வாரத்துக்கு 2 பக்கம், மொத்தம் 8 பக்கம்.

நேரில் கூடுவதென்றால் எத்தனை பேர், எப்படி?

6 மீட்டருக்கு 8 மீட்டர் அறையில் ஆசிரியருக்கு முன்னால் 2 மீட்டர் விட்டு, ஒன்றரை மீட்டர் இடைவெளியில் நாற்காலி போட்டால் 4 வரிசையில் 4 பேர், ஆக 16 பிள்ளைகள். இடைவெளியைவிடக் காற்று முக்கியம். எதிரெதிர்ச் சுவர்களில் இருக்கும் ஜன்னல்களைத் திறங்கள். ஒரே பக்கம் திறந்தால் காற்று உள்ளே வந்து அங்கேயே சுற்றும். கரியமிலவாயு அளவி கிடைத்தால் வாங்குங்கள். வெளிக்காற்றில் 420 பிபிஎம் அளவில் காட்டும். அறையில் 800க்குள் இருந்தால் நல்லது. 1000 தாண்டினால் பிள்ளைகளை 10 நிமிடம் வெளியே அனுப்பிவிடுங்கள்.

டர்பனில் ஜூலையிலும் ஜன்னலைத் திறந்துவைக்கலாம். லெனேசியாவில் ஜூன், ஜூலைக் காலைகள் கடுங்குளிர். அங்கே வகுப்பைக் காலை 8 மணியிலிருந்து 11 மணிக்குத் தள்ளுங்கள். குளிர்கிறதென்று ஜன்னலை மூடி ஹீட்டர் போடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

பாதிப் பேர் அறையில், பாதிப் பேர் திரையில் என்று ஒரே நேரத்தில் நடத்தலாமா?

வேண்டாம். மண்டபத்தின் எதிரொலியில் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் குரலே பிடிபடாது. அறையில் இருப்பவர்கள் மடிக்கணினியோடு மல்லுக்கட்டும் ஆசிரியரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 12 பேர் என்றால் ஆறு ஆறாகப் பிரித்து, ஒரு வாரம் அறையில் எழுத்து, மறுவாரம் வீட்டில் குரல் பதிவு என்று மாற்றுங்கள்.

வகுப்பைப் பதிவு செய்து அனுப்பலாமா?

ஆசிரியரின் குரலையும் பலகையையும் மட்டும் பதியலாம். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான பாப்பியா 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு அவகாசம் கொடுத்து 2021 ஜூலை 1 முதல் கட்டாயமானது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரின் முகமும் குரலும் பதிவாக வேண்டுமானால் பெற்றோரின் ஒப்புதல் தேவை. எழுத்தில் வாங்கிவையுங்கள்.

வாட்சப்புக்குக் குறைந்தபட்ச வயது 13. அதனால் சின்னப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் எண்தான். குழுவில் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். அது பிடிக்காத பெற்றோர் உண்டு. வாட்சப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) எண் தெரியாது. ஆனால் ஆசிரியர் எண்ணைத் தங்கள் ஃபோனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். 'எங்களுக்குப் பாடமே வரவில்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் பரவாயில்லையா?

'அம்மா எப்படி இருக்கீங்க' என்று பேசிப் பழக அது தடையில்லை. வாசிக்கக் கற்பதற்குத் தடை. ல, ள, ழ மூன்றும், ந, ன, ண மூன்றும், குறில் நெடிலும் அதில் கரைந்துபோகின்றன. ஆசிரியர் அனுப்பும் எல்லாச் செய்தியும் தமிழ் எழுத்தில் இருக்கட்டும். கூடவே அதையே படிக்கும் குரல் பதிவு ஒன்று. பிள்ளையின் பதில் குரலிலேயே வரட்டும்.

பெற்றோருக்கே தமிழ் தெரியாது. வீட்டில் எப்படி உதவுவது?

திருத்தவும் வேண்டாம், கற்றுத்தரவும் வேண்டாம். நேரம் குறித்து ஃபோனைக் கையில் கொடுத்து, பதிவு போய்ச் சேர்ந்ததா என்று பாருங்கள். அது போதும். வீட்டுப்பாடத்தைப் பெற்றோரே எழுதி அனுப்பிவிடுவதுதான் கெடுதல். பிள்ளைக்கு எது வரவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போகும். அதற்காகத்தான் மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையோடும் 3 நிமிடத் தனி அழைப்பு வேண்டும் என்கிறோம். 12 பேருக்கு 36 நிமிடம்தான். புதிய சொல் ஐந்து, ஒரு வரி வாசிப்பு, ஒரு கேள்வி.

ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் தமிழ் தெரியும். தனி வீட்டில் இருக்கிறார்கள். அவர்களைச் சேர்க்கலாமா?

கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். நோய் அவர்களைத்தான் கடுமையாகத் தாக்கியது. அதனால் பேரப்பிள்ளைகள் பல மாதம் அவர்களைப் பார்க்காமல் இருந்தார்கள். குரல் பதிவு அந்த வீட்டுக்கும் போகும். ஆயாவிடம் 'கதை சொல்லுங்கள்' என்று கேட்டால் 'எனக்கென்ன தெரியும்' என்பார். குறிப்பாகக் கேளுங்கள்: புளிக்குழம்புக்கு முதலில் என்ன போடுவீர்கள்? காவடிக்கு எத்தனை நாள் விரதம்? உங்கள் அம்மா உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார்? ஒரு கேள்விக்கு ஒரு நிமிடப் பதிவு. பிள்ளை அதைக் கேட்டுப் புரிந்த மூன்று சொல்லைத் திருப்பிச் சொல்லி, அடுத்த கேள்வியைத் தமிழில் அனுப்பட்டும். ஆயாவின் தமிழ் பாடநூல் தமிழாக இருக்காது. தெலுங்குச் சொல்லும் சூலுச் சொல்லும் ஆங்கிலமும் கலந்திருக்கும். திருத்த வேண்டாம். அந்தப் பதிவுகளை மட்டும் வாட்சப்பிலேயே விட்டுவிடாமல், பெயரும் தேதியும் போட்டுத் தனிக் கோப்புறையில் சேமியுங்கள். ஃபோன் மாற்றும்போது முதலில் தொலைவது அவைதான்.